தாளமும் திருத்தமும்

திருத்துதல் என்னும் சொல் தமிழிலே பல தொழில்களுக்குப் பொதுவாக வழங்குவது. காடு திருத்திக் கழனியாக்கினர் என்கின்றோம். பிள்ளையைத் திருத்த வேண்டும் என்கின்றோம். பல்கலைக்கழகத்திலோ இச்சொல்லுக்கு ஆண்டுதோறும் பரீட்சை முடிந்த பின்னர் வரும் பொருளே முதன்மையானது. விடைத்தாள் திருத்தும் விரிவுரையாளரும், திருத்தப்பட்ட பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவரும் அதனை நன்கறிவர். இவை யாவற்றுக்கும் அடிப்படையாக ஓர் எண்ணம் உண்டு. சரியானது எது என்பது முன்னரே தெரியும். கையிலிருப்பது அதனினின்றும் விலகியிருக்கின்றது. விலகலை நீக்குவதே திருத்தம். இவ்வெண்ணம் எப்போதும் பொருந்துமா என்ற ஐயம் எனக்குத் தோன்றியது இலக்கியத்தாலன்று. தாளத்தைத் திருத்தும் ஒரு சிறிய இயந்திரத்தோடு சில வாரங்கள் பழகியதாலேயே தோன்றிற்று. அவ்வனுபவத்தையும் அதுவழி எழுந்த சிந்தனையையும் இங்கு எழுத முற்படுகின்றேன்.

அவ்வியந்திரத்துக்குச் சீக்குவென்சர் என்று பெயர். ஒலிப்பதிவுக் கருவி என்று இதனைக் கருதுதல் கூடாது. ஒலிநாடா, வாசித்த ஒலியையே பதிந்து வைக்கின்றது. சீக்குவென்சரோ ஒலியைப் பதிவதில்லை. வாசித்தவர் எதைத் தட்டினார், எந்த நேரத்தில் தட்டினார், எவ்வளவு விசையோடு தட்டினார் என்னும் மூன்று செய்திகளை மட்டும் எண்களாகக் குறித்துக்கொள்கின்றது. மீண்டும் இயக்கும்போது அந்த எண்களைப் படித்து, அவ்வவ்வேளையில் அவ்வவ்வொலியை எழுப்புகின்றது. ஒலிநாடாவில் ஓர் அடியை மட்டும் எடுத்து நகர்த்துதல் அரிது. எண்களையோ விரும்பியவாறு மாற்றலாம். அடியொன்றை முன்தள்ளலாம், பின்தள்ளலாம், வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம், முற்றாக நீக்கலாம். ஆகவே இது பதிவுக் கருவி என்பதினும் பதிப்புக் கருவி என்பதே பொருத்தமாகும்.

இக்கருவியின் வரலாறு சுருங்கியதே. 1977 இல் ஜப்பானின் றோலண்ட் நிறுவனம் எம்.சீ.8 என்ற கருவியை வெளியிட்டது. கனடாவைச் சேர்ந்த றல்ஃப் டைக் என்பார் உருவாக்கிய கருவியொன்றே அதற்கு மூலம்.  ஒவ்வொரு சுரத்தின் உயரம், அடுத்த சுரம் வரையுள்ள நேரம், ஒலி நிலைத்து நிற்கும் நேரம் ஆகியவற்றை எண் பொத்தான்களால் அதில் ஒவ்வொன்றாக உட்செலுத்தினர். 1980 இல் அமெரிக்கரான றொஜர் லின் என்பாரின் எல்.எம்.1 என்ற மேளக் கருவி வந்தது. அதிலே மனிதர் விரலால் தட்டலாம். தட்டியது சற்று முன்பின்னாக இருப்பின், அருகிலுள்ள சரியான இடத்துக்குக் கருவியே அதனை நகர்த்திவிடும். குவாண்டைஸ் என இன்று உலகெங்கும் வழங்கும் நேரத் திருத்தம் அக்கருவியோடு பரவத் தொடங்கியது எனலாம். அதே 1980 இல் வந்த றோலண்ட் ரீ.ஆர்.808 என்பதில் ஓர் அளவைப் பதினாறு பொத்தான்களாகப் பிரித்திருந்தனர். எந்தப் பொத்தானை அமர்த்துகின்றோமோ அந்த இடத்தில் மேளம் ஒலிக்கும். இரண்டு பொத்தான்களுக்கு இடையில் ஓரிடம் இல்லை. 1983 இல் மிடி என்ற பொது இணைப்புமுறை நடைமுறைக்கு வந்ததும், ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொன்றின் கருவியோடு பேசத் தொடங்கியது. 1988 இல் றொஜர் லின் வடிவமைத்து அக்காய் நிறுவனம் வெளியிட்ட எம்.பீ.சீ.60 என்ற கருவி, பதினாறு இறப்பர்ப் பேட்களையும் சீக்குவென்சரையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

அந்த எம்.பீ.சீ.60 கால் அளவை, அதாவது நாம் ஓர் அடி என்று கைபோடும் நேரத்தை, 96 சம பங்குகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பங்கையும் துடிப்பு என்று இக்கட்டுரையில் வழங்குவேன். 96 என்ற எண் மிகுந்த யோசனையோடு தெரிவு செய்யப்பட்டதே. இரண்டால் வகுக்கலாம், நான்கால், எட்டால், பதினாறால் வகுக்கலாம், மூன்றாலும் ஆறாலும் வகுக்கலாம். மேலைத்தேய நடனவிசைக்கு இவ்வளவும் போதுமானவை. நமது இசை மரபிலோ நடைகள் ஐந்து. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. இவற்றுள் 96 ஐ மீதியின்றிப் பிரிப்பவை முதலிரண்டுமே. ஐந்தால் வகுத்தால் 19.2 வரும், ஏழும் ஒன்பதும் அவ்வாறே உடைந்துபோகும். ஐந்து நடைகளும் மீதியின்றிப் பிரிய வேண்டுமாயின் ஓர் அடியை ஆகக்குறைந்தது 1260 பங்குகளாக்க வேண்டும். இயந்திரம் நடுநிலையானது என்று நாம் எண்ணுகின்றோம். ஆயின் அதனுள்ளே பொறிக்கப்பட்ட ஓர் எண், யாருடைய தாளம் அதற்கு முன்னரே தெரியும் என்பதைச் சொல்லிவிடுகின்றது.

இவ்வெண் விவகாரம் எனக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடவில்லை. 2014 இல் நான் பொறியியற் பீடத்தில் மாணவனாயிருந்தேன். எமது தமிழ்ச் சங்கம் ஒரு நாட்டிய நாடகத்தைத் தயாரித்தது. அதற்கு மிருதங்கம் வாசித்து வந்தவர் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே அழைப்போம். நாடகத்தை வெளியூர்களில் மேடையேற்ற அழைப்பு வந்தபோது மாஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் நோவினால் நீண்ட பயணம் செய்ய இயலாதென்று மருத்துவர் கூறிவிட்டார். அத்துடன் வலது கை விரல்களும் மாலை வேளைகளில் விறைக்கத் தொடங்கியிருந்தன. வேறொரு மிருதங்கக் கலைஞரை அமர்த்தச் சங்கத்திடம் பணமில்லை. எனவே, மாஸ்டருடைய வாசிப்பையே பதிந்து எடுத்துச் செல்வது என்று தீர்மானிக்கப்பட்டது.

ஒலிநாடாவில் பதியலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். மேடைக்கு மேடை நாடகத்தின் வேகம் மாறும் என்பதே அதற்குத் தடை. ஒலிப்பதிவை விரைவாக்கினால் மிருதங்கத்தின் சுருதியும் உயரும். கணினிகொண்டு சுருதியைக் காத்தால் அடியின் கூர்மை மங்கும். சீக்குவென்சரிலோ வேகத்தை மட்டும் மாற்றலாம். அடியின் நாதம் மாறாது. கொழும்பில் இசைக்குழுவொன்று கைவிட்ட பழைய கருவியொன்றை நண்பரொருவர் பெற்றுத் தந்தார். அதுவும் 96 துடிப்புக் கணக்கினதே. மாஸ்டருடைய சொந்த மிருதங்கத்தின் த, தி, தொம், நம், மீட்டு, சாபு முதலிய சொற்களைத் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து பேட்களில் ஏற்றினோம். வலந்தலைக்குரியவற்றை வலப்புறத்திலும் தொப்பிக்குரியவற்றை இடப்புறத்திலுமாக அமைத்தோம். மாஸ்டர் தமது வீட்டு விறாந்தையில், கருவியை மடியருகே வைத்து, இரு கைகளாலும் தட்டிப் பார்த்தார். பின்னர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, உந்தப் பெட்டி என்ர கணக்கைக் கேக்குதோ, கையைக் கேக்குதோ?”

“ரெண்டையும் கேக்குது மாஸ்டர்.”

“அப்ப சரி. கணக்கிலை பிழையிருந்தால் நீர் திருத்தும். கையிலை பிழையிருந்தால் எனக்குச் சொல்லும்.”

கணக்கு வேறு, கை வேறு என்ற அந்தப் பாகுபாட்டை நான் அப்போது ஒரு முதியவரின் நயமான பேச்சாகவே கொண்டேன். அதன் முழுப்பொருளும் எண்களைப் பார்த்த பின்னரே விளங்கிற்று.

முதலில் கண்டநடைப் பகுதியொன்றை ஒரு நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில், திருத்தம் எதுவுமின்றிப் பதிந்தோம். கருவியின் சிறு திரையில் ஒவ்வொரு தட்டும் எத்தனையாம் அளவு, எத்தனையாம் அடி, எத்தனையாம் துடிப்பு என்று மூன்று எண்களாகத் தோன்றும். ஓர் அடிக்குள் விழுந்த ஐந்து தட்டுகளும் 0, 19, 38, 58, 77 என்ற இடங்களில் இருந்தன. கணக்குப்படி அவை 0, 19.2, 38.4, 57.6, 76.8 என்ற இடங்களில் இருத்தல் வேண்டும். ஒரு துடிப்பு என்பது இவ்வேகத்தில் ஏறத்தாழப் பத்து மில்லிசெக்கன். ஆகவே ஆகக்கூடிய விலகல் நான்கு மில்லிசெக்கனளவே. காதுக்கு அது புலனாகாது. ஐந்தால் வகுபடாத கருவி ஐந்தைப் பதிவதில் எத்தடையும் காட்டவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தடை தோன்றியது திருத்தத்திலேயே. ஒத்திகைக்கு வந்திருந்த நண்பரொருவர், பெரிய இசைக்குழுக்களில் யாவரும் செய்வதுதானே என்று, இப்பகுதியைப் பதினாறில் ஒன்றுக்குத் திருத்திக் கேட்போம் என்றார். மூலத்தை வேறாக வைத்துவிட்டு அதன் நகலிலே செய்து பார்த்தோம். கருவி 24 துடிப்புக்கு ஓரிடம் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு தட்டையும் அருகிலுள்ள இடத்துக்கு நகர்த்தியது. 0 அவ்விடத்திலேயே நின்றது. 19 ஆனது 24 க்குப் போயிற்று. 38 ஆனது 48 க்கும், 58 ஆனதும் அதே 48 க்கும், 77 ஆனது 72 க்கும் போயின. மூன்றாவது தட்டும் நான்காவது தட்டும் ஒன்றன்மீது ஒன்றாக விழுந்தன. கண்டம் சதுஸ்ரமாயிற்று, ஐந்து நான்காயிற்று. மூன்றின் கணக்கில் திருத்தினால் என்னவென்று 16 துடிப்புக்கு ஓரிடமாகவும் பார்த்தோம். தட்டுகள் 0, 16, 32, 64, 80 என்ற இடங்களில் அமர்ந்தன. ஆறிலே ஒன்று விடுபட்ட ஒரு திஸ்ரம் கேட்டது. மாஸ்டர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “உது படிச்ச பிள்ளை, ஆனால் எங்கடை பள்ளிக்கூடத்திலை படிக்கேல்லை” என்றார்.

இயந்திரம் கேட்கும் ஆற்றல் ஒன்று, திருத்தும் ஆற்றல் இன்னொன்று என்பதை அன்று உணர்ந்தேன். கேட்பதற்கு நுண்மையான காது போதும். திருத்துவதற்கோ சரியானது எது என்ற முன்முடிவு வேண்டும். முன்முடிவிலே ஐந்து இல்லாத ஒன்றிடம் ஐந்தைக் கொடுத்தால், அது ஐந்தைப் பிழையான நான்காகவோ பிழையான ஆறாகவோதான் கொள்ளும். மாணவரின் விடை தமது குறிப்பில் இல்லாததாயின் அதைப் பிழையென்றே கொள்ளும் பரீட்சகரும் உலகில் உளர் அல்லவா?

இதற்கு ஒரு வழி கண்டோம். ஓர் அடியை ஐந்தாகப் பிரிப்பதை விடுத்து, ஒரு மாத்திரையையே கருவியின் பதினாறில் ஒன்றாகக் கொண்டோம். அவ்வாறாயின் ஒரு மாத்திரைக்கு 24 துடிப்பு. ஓர் அடிக்கு 120 துடிப்பு. ஒவ்வோர் அடியையும் ஐந்து பதினாறு என்னும் தனி அளவாகக் கருவியிடம் அறிவித்தோம். எட்டு அளவுகள் சேர்ந்தால் ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனம், நாற்பது மாத்திரை. வேகத்தையும் அதற்கேற்ப மாற்றுதல் வேண்டும். நிமிடத்துக்கு 60 அடியெனின் மாத்திரைகள் 300. கருவி நான்கு மாத்திரையை ஒரு காலளவாக எண்ணுவதால் அதன் கணக்கில் வேகம் 75 ஆகும். கருவியின் சொந்த மணியொலி நான்கு மாத்திரைக்கு ஒன்றாக ஒலித்து வாசிப்பவரைக் குழப்புமாதலால், அதனை நிறுத்திவிட்டு, ஐந்து மாத்திரைக்கு ஒருமுறை ஒலிக்கும் கைத்தாள ஒலியொன்றை நாமே எழுதிச் சேர்த்தோம். இப்பொழுது ஐந்து மாத்திரைகளும் கருவியின் கட்டங்களில் மீதியின்றி அமர்ந்தன. ஒரு துடிப்பு 8.3 மில்லிசெக்கனாகச் சிறுத்ததால் நுண்மையும் கூடிற்று. மாஸ்டர் மீண்டும் அமர்ந்து, முழுப் பகுதியையும் நான்கு தடவை வாசித்துப் பதிவித்தார்.

அன்றிரவு நான் அந்நான்கு பதிவுகளையும் ஒவ்வொரு தட்டாகப் படித்தேன். தாளத்தைக் கண்ணால் படித்தல் எனக்குப் புதிய அனுபவம். விலகல்கள் பல இருந்தன. ஆனால் அவை ஒரே இனத்தவையல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது.

முதலாவது இனம், கருவி தந்த பிழை. ஒரு முறை தட்டிய இடத்தில் இரண்டு துடிப்பு தள்ளி இன்னொரு தட்டும் பதிவாகியிருந்தது. விசைக் கணக்கு 1 முதல் 127 வரையானது. இத்தட்டின் விசை 11 மட்டுமே. பழைய இறப்பர் எழும்பி மீண்டும் பட்டதால் வந்த ஒலி அது. மாஸ்டரின் விரல் அதற்குப் பொறுப்பன்று. இரண்டாவது இனம், கை தவறியது. இரண்டாம் பதிவில் ஒரு ‘தி’ ஒன்பது துடிப்பு முந்தி விழுந்திருந்தது. ஏனைய மூன்று பதிவுகளிலும் அதே ‘தி’ தன்னிடத்திலேயே இருந்தது. மூன்றாவது இனமே என்னை நிறுத்தி வைத்தது. ஆவர்த்தனத்தின் இறுதி மூன்று அடிகளில் ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொற்கட்டு மூன்று முறை வரும். முதல் ‘தொம்’ சரியான இடத்தில் விழுந்தது. இரண்டாவது ‘தொம்’ இரண்டு துடிப்பு பிந்தியது. மூன்றாவது ‘தொம்’ நான்கு துடிப்பு பிந்தியது. நான்கு பதிவுகளிலும் இவ்வாறே. ஓரிடத்தில் மூன்றாகவும் ஓரிடத்தில் ஐந்தாகவும் இருந்ததே வேறுபாடு. அதைத் தொடர்ந்த சமமோ நான்கு முறையும் தன்னிடத்தில், ஒரு துடிப்புக்கூட வழுவாமல் நின்றது.

விரல் விறைப்பினால் வந்த தாமதமாயின் அது எங்கும் பரவியிருக்க வேண்டும். அன்றியும் சமத்தையும் பற்றியிருக்க வேண்டும். இவ்வாறு ஓரிடத்தில் மட்டும், படிப்படியாக, நான்கு முறையும் ஒத்து வருவது தளர்ச்சியாக இருத்தல் இயலாது என்று துணிந்தேன். ஆயினும் எதற்காக என்பது எண்களிலிருந்து தெரியவில்லை.

தமிழ் பயின்றோருக்கு இம்மூவகை விலகல்களும் புதியனவல்ல. 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, அவர்கள் முன்னிருந்த ஏடுகளிலும் விலகல்கள் மூவகையினவாகவே இருந்திருக்கும். செல்லும் புழுவும் அரித்த சிதைவு ஒன்று. ஏடெழுதியவரின் கைப்பிழை மற்றொன்று. புலவரே அவ்வாறு பாடிய அரிய ஆட்சி இன்னொன்று. சிதைவை நிரப்பலாம், கைப்பிழையைப் பிற ஏடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தலாம், ஆட்சியைத் தொடுதல் கூடாது. எது எவ்வினம் என்று பிரித்தறிதலே பதிப்பாசிரியரின் புலமை. பல பிரதிகளை ஒப்பிடாமல் அதனை அறிதல் அரிது. நான்கு பதிவுகளை ஒப்பிட்டபோது நான் செய்ததும், மிகச் சிறிய அளவில், அத்தொழிலே என்று பின்னர் எண்ணி வியந்தேன்.

மறுநாள் மாஸ்டரிடம் சென்று மூவகையையும் கூறினேன். முதலாவதை நீக்கச் சொன்னார். இரண்டாவதைக் கேட்டதும் முகம் சற்றே வாடியது. “அது பிழை. திருத்தும். பிழையைப் பிழையெண்டு சொல்லுறதுக்கு வெக்கமில்லை” என்றார். கருவியில் அந்தத் தட்டை மட்டும் தெரிந்து ஒன்பது துடிப்பு பின்னகர்த்தினேன். மூன்றாவதைக் கூறியபோது மாஸ்டர் தாமே நம்பவில்லை. “நான் பிந்துறனோ? எனக்குத் தெரியாதே” என்றார். தொடையில் தட்டி, வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது பிந்தவில்லை. மீண்டும் கருவியில் வாசித்தபோது பிந்தியது. அவருடைய கை அறிந்திருந்த ஒன்றை அவர் அறிந்திருக்கவில்லை.

விடை ஒத்திகையிலே கிடைத்தது. அப்பகுதியில் இரண்டு நகல்களை ஆயத்தம் செய்தேன். ஒன்றில் மூன்று ‘தொம்’களும் கணக்குப்படி அமைந்திருந்தன. மற்றதில் மாஸ்டரின் தாமதம் அப்படியே இருந்தது. எது எதுவென்று கூறாமல் நடனமாடும் மாணவிக்கு இரண்டையும் இயக்கினேன். முதலாவதற்கு ஆடி முடித்தவள், மூச்சு வாங்கியபடி, “அண்ணா, இது மாஸ்டர் வாசிக்கிறதுதான். ஆனா கடைசியிலை எனக்குக் காலை வைக்க இடமில்லாமக் கிடக்குது” என்றாள். இரண்டாவதற்கு ஆடியபோது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து என்ன என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது சொற்கட்டில் அவள் ஒரு முழுச்சுழற்சி முடித்து வந்து பாதத்தை ஊன்ற வேண்டும். சுழற்சி முதற் கட்டில் தொடங்கி, இரண்டாவதில் விரைந்து, மூன்றாவதில் முடிகின்றது. உயர்ந்த பாதம் தரையைச் சேர ஒரு கணம் கூடுதலாக வேண்டும். முப்பத்து மூன்று மில்லிசெக்கன். அதுவே நான்கு துடிப்பு. நடன அரங்குகளுக்கு நாற்பதாண்டு வாசித்த மாஸ்டர், ஆடுபவரின் பாதத்தைப் பார்த்துப் பார்த்து, அது நிலத்தைத் தொடும்வரை காத்து நிற்கப் பழகியிருந்தார். காத்து நின்ற நேரத்தைச் சமத்துக்குள் மீட்டுக் கொடுக்கவும் பழகியிருந்தார். வீட்டு விறாந்தையில் ஆடுவார் எவருமில்லை. ஆயினும் கை காத்து நின்றது.

இது கேட்ட பின்னர் நான் சுவிங் என்னும் வசதியைப் பற்றிப் பலமுறை எண்ணியதுண்டு. நேரத் திருத்தம் இசையை மரத்துப்போகச் செய்கின்றது என்பதைக் கருவியமைத்தோர் அறியாதவரல்லர். றொஜர் லின் தமது முதற் கருவியிலேயே சுவிங்குக்கும் இடம் வைத்தார். இரண்டு பதினாறில் ஒன்றுகளுக்குரிய 48 துடிப்பை 50 வீதம் என்று பிரித்தால் 24 க்கு 24. 54 வீதமெனின் 26 க்கு 22. 66 வீதமெனின் 32 க்கு 16, அதாவது இரண்டுக்கு ஒன்று, திஸ்ரத்தின் சாயல். 75 வீதம் வரை இவ்வாறு இரண்டாவது தட்டைப் பிந்தச் செய்யலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் இவ்வசைவு உயிர்நாடி போன்றது. டெற்றொய்ற் நகரைச் சேர்ந்த ஜே டில்லா என்னும் ஜேம்ஸ் யான்சி (1974–2006), எம்.பீ.சீ.3000 என்ற கருவியில் ஒரு மேளத்தை நேராகவும் இன்னொன்றைப் பிந்தியும் மற்றொன்றை முந்தியும் அமைத்து, மனிதக் கையின் தள்ளாட்டத்தையே இலக்கணமாக்கினார். அவருடைய அக்கருவி இன்று வாஷிங்ரனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பண்பாட்டுத் தேசிய அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. கட்டங்களை வகுத்த கருவியைக் கொண்டே கட்டங்களுக்கு வெளியே செல்லலாம் என்பதற்கு அவர் சான்று.

ஆயினும் சுவிங்குக்கும் மாஸ்டரின் தாமதத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சுவிங் ஒரு விதி. ஒவ்வோர் இரண்டாவது தட்டையும் அது ஒரே அளவால் பிந்தச் செய்யும். மாஸ்டரின் தாமதமோ விதியன்று. இன்னொரு மனிதரின் உடலோடு கொண்ட உறவு. அம்மாணவிக்குப் பதிலாக வேறொருத்தி ஆடியிருப்பின், அவளுடைய உயரமும் வேகமும் வேறாதலால், நான்கு மூன்றாகவோ ஆறாகவோ மாறியிருக்கும். இதனாலேயே நாடகம் வெளியூர் சென்றபோது எனக்கு ஒரு மனக்குறை எஞ்சியிருந்தது. பதிவு நன்றாகவே இயங்கியது; சபையோரும் பாராட்டினர். ஆனால் ஒருநாள் களைப்பினால் அம்மாணவியின் கால் சற்றுப் பிந்தியபோது, மிருதங்கம் அதற்காகக் காத்து நிற்கவில்லை. பதிந்து வைத்த நான்கு துடிப்பு வரையே அது காத்தது. காத்திருந்ததன் சுவடு எம்மிடம் இருந்தது, காத்திருத்தல் இருக்கவில்லை.

மாஸ்டர் 2019 இல் காலமானார். அவருடைய வாசிப்பை ஒலியாகப் பதிந்தவை சில குடும்பத்தாரிடம் உள்ளன. எண்களாகப் பதிந்தவை எம்மிடமுள்ள அந்த ஒரு பகுதி மட்டுமே. இன்று கணினி மென்பொருள்களில் ஓர் அடியை 960 துடிப்புகளாகவும் பிரிக்கலாம். ஐந்தின் கட்டத்திலும் ஏழின் கட்டத்திலும் ஒரு நொடியில் திருத்தலாம். எங்களை மறித்த தடை நீங்கிவிட்டது. ஆனால் அத்தடை நீங்கியதாலேயே வேறோர் இடர் நெருங்கியுள்ளது என்பேன். அன்று பிழையான திருத்தம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. ஐந்து நான்கானதைக் குழந்தையும் கேட்டறியும். இன்று ஐந்து ஐந்தாகவே திருத்தப்படும். கேட்பவருக்கு யாதொரு குறையும் தோன்றாது. பிந்திய ‘தொம்’ மட்டும் ஓசையின்றித் தன் கட்டத்துக்குள் போய்விடும். அது போனதை அறியக்கூடியவள் ஆடுபவள் ஒருத்தியே. ஆடுபவள் இல்லாதவிடத்து எவருமில்லை.

நமது ஊர்களில் தவிலும் மிருதங்கமும் மத்தளமும் உடுக்கும் வாசித்த முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களைப் பதிவு செய்யும் ஆர்வமும் இளைஞரிடையே வளர்ந்து வருகின்றது. அது மகிழ்ச்சிக்குரியது. அத்தகையோருக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகின்றேன். ஒன்று, திருத்துவதற்கு முன் மூலத்தை வேறாக வைத்தல். எந்தத் திருத்தமும் நகலிலேயே நிகழ வேண்டும். பழைய கருவியில் இறுதியாகச் செய்த ஒரு செயலை மட்டுமே மீளப்பெறலாம். புதியவற்றில் பலவற்றை மீளப்பெறலாம். பலவற்றில் சேமித்து மூடிய பின்னர் மீட்சியில்லை.

இரண்டாவது, எண்களோடு சொற்களையும் எழுதி வைத்தல். மூன்றாவது ‘தொம்’ நான்கு துடிப்பு பிந்தியது என்று கருவி சொல்லும். ஏன் பிந்தியது என்று அது சொல்லாது. நான்கு பதிவுகளையும் இரவு முழுவதும் படித்தும் எனக்கு அது கிடைக்கவில்லை, வாசித்தவரிடமும் கிடைக்கவில்லை, உடன் ஆடியவளின் ஒரு வாக்கியத்திலேயே கிடைத்தது. ஆகவே யார் வாசித்தார் என்பதோடு, யாருக்காக வாசித்தார், எந்தச் சடங்கில், எந்தக் கூத்தில், எவருடைய காலுக்கு அல்லது குரலுக்கு வாசித்தார் என்பதையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். ஏட்டைக் காத்து உரையை இழந்தால் நமக்குச் சூத்திரம் மட்டுமே எஞ்சும். எங்களிடமுள்ள பதிவின் தொடக்கத்தில் இப்பொழுது ஒரு சிறு குறிப்பை எழுதிச் சேர்த்திருக்கின்றேன். மூன்றாம் சொற்கட்டின் ஈற்றுத் ‘தொம்’ பிந்துவது பிழையன்று, அவ்விடத்தில் ஆடுபவர் சுழன்று வந்து காலூன்றுகின்றார் என்பதே அக்குறிப்பு. எதிர்காலத்தில் அதனைத் திறக்கும் மாணவரொருவர், திருத்தும் பொத்தானில் விரல் வைக்கும்முன் அதனைப் படிப்பாராக.